கையெழுத்து வைக்காத அங்கிள்

கனடாவில் எங்கள் கட்டடத்தில் யாருக்காவது ஒரு கடிதத்தில் கையெழுத்து வேண்டுமென்றால் ஒன்பதாம் மாடிக்கு மட்டும் போகமாட்டார்கள். அங்கேதான் அங்கிள் இருந்தார். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த மனிதர். ஒருவரோடும் சண்டை இல்லை. உதவி என்று கதவைத் தட்டினால் சப்பாத்தைச் சரியாகப் போடாமலே கூட வருவார். ஆனால் தன் கண்ணால் பார்க்காத, தனக்குத் தெரியாத ஒன்றின் கீழே பெயர் எழுதமாட்டார்.

ஆறாம் மாடி அண்ணை ஒருவர் வேறு இடத்தில் வீடு வாடகைக்கு எடுக்கப் போனார். இவரை இரண்டு வருடமாகத் தெரியும், நல்ல மனிதர் என்று ஒருவர் எழுதித் தரவேண்டும். கடிதத்தைத் தானே அடித்து எடுத்துக்கொண்டு அங்கிளிடம் போனார். அங்கிள் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார்.

"உம்மை எனக்கு ஒரு வருசமும் ஏழு மாதமுமாத்தான் தெரியும்."

"ஐஞ்சு மாதம்தானே அங்கிள். வெள்ளைக்காரன் இருந்து எண்ணப்போறானோ?"

"அவன் எண்ணமாட்டான். நான் எண்ணிப்போட்டன்."

"அப்ப நான் என்ன செய்யிறது?"

"ஒரு வருசமும் ஏழு மாதமும் எண்டு மாத்தி எழுதும், இப்பவே வைக்கிறன். இல்லாட்டி ஐஞ்சு மாதம் கழிச்சு வாரும். இப்ப இருந்து தேத்தண்ணியைக் குடியும்."

அண்ணை தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, கீழே பலசரக்குக் கடைக்காரரிடம் போனார். அவர் ஐந்து வருடமாகத் தெரியும் என்று கையெழுத்து வைத்துக் கொடுத்தார்.

ஏன் இப்படி என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். ஊரில் காணி உறுதிப் பத்திரத்தில் ஏமாந்தவர் என்றார்கள். அரசாங்கக் கச்சேரியில் வேலை செய்த பழக்கம் என்றார்கள். நான் அவரிடமே ஒருநாள் கேட்டேன்.

"என்ர கையெழுத்து வடிவில்லைப் பிள்ளை. அதாலதான் கனக்க வைக்கிறேல்லை" என்றார்.

போன மாசி மாதம் அவர் செத்துப்போனார். நெஞ்சுவலி என்று வேலையிலிருந்து வந்தவர், அடுத்தநாள் இல்லை. ஐம்பத்து நாலு வயது. எனக்கு எழுதிப் பழக்கமில்லை, படிப்பும் ஏழாம் வகுப்போடு சரி. ஆனால் அவர் நடத்திய பாண்ட் வாத்தியக் குழு ஏன் கலைந்தது என்பது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். அம்மா சொல்லமாட்டா. அதனால் நான் எழுதுகிறேன்.

பாண்ட் என்று நாங்கள்தான் சொல்வோம். டிரம்மும் பியூகிள் என்கிற பித்தளைக் குழலும் மட்டும்தான். அதை ஊதிக்கொண்டே புட்போல் மைதானத்தில் கோடாகவும் வட்டமாகவும் நடக்கவேண்டும். கோடையில் ஊர் ஊராகப் போட்டி நடக்கும். நடுவர்கள் மேலே மேசை போட்டு இருந்து புள்ளி போடுவார்கள். இருபத்தொரு வயது வரைதான் போட்டியில் நிற்கலாம். அதற்கு மேல் ஒருநாள் கூடினாலும் விடமாட்டார்கள்.

எங்கள் பாண்ட் டோர்செட் பார்க் என்ற பகுதியில் ஒரு கத்தோலிக்கக் கோயிலின் நிலக்கீழ் மண்டபத்தில் பழகியது. முதலில் எல்லாம் வெள்ளைப் பிள்ளைகளும் இத்தாலிப் பிள்ளைகளும்தானாம். அவர்களுடைய தாய் தகப்பன் விட்பிப் பக்கம் புது வீடு வாங்கிப் போகப் போக ஆட்கள் குறைந்தார்கள். அந்த நேரம் அங்கிள் சனிக்கிழமைகளில் அந்த மண்டபத்தைக் கூட்டித் துடைக்கிற வேலை செய்தார். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட பாண்டில் பியூகிள் ஊதியவர். ஒருநாள் தும்புத்தடியோடு நின்று கேட்டுவிட்டு, டிரெக்டரான கனடாக்காரக் கிழவரிடம் போய், "இடப்பக்கம் மூன்றாவது பிள்ளை பிழையாக ஊதுகிறது" என்று சொன்னாராம். கிழவர் போய்க் கேட்டுப் பார்த்தார். உண்மைதான். அடுத்த கிழமை அங்கிள் பாண்டுக்குள்ளே இருந்தார். அதற்கடுத்த வருடம் மனேஜர். வெறும் இடங்களை நிரப்ப எங்கள் கட்டடத்தில் மாடி மாடியாக ஏறி, பதினைந்து தமிழ்ப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனதும் அவர்தான். அதில் நான் ஒருத்தி. கத்தோலிக்கம், சைவம் என்று அவர் பார்க்கவில்லை. உதடு எப்படி இருக்கிறது என்று மட்டும் பார்த்தார்.

முதல்நாள் பாண்டில் சேருகிற விண்ணப்பப் போமை வைத்து ஒவ்வொரு வரியாகக் கேட்டார்.

"இளைப்பு இருக்கோ?"

"இல்லை."

"பிறந்த திகதி?"

சொன்னேன்.

"கடதாசியைக் காட்டு பாப்பம்."

இமிகிரேசன் கடதாசியைக் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். போமில் இருந்ததும் கடதாசியில் இருந்ததும் ஒன்று. கையெழுத்து வைத்தார். உண்மையில் வடிவில்லாத கையெழுத்துத்தான்.

அந்தத் திகதி பொய். நானும் அம்மாவும் தொண்ணூற்றியொன்றில் வந்தபோது எனக்குப் பதினேழு. எங்களைக் கனடாவுக்கு அனுப்பிய ஏஜென்சி தந்த, வேறு யாருடையதோ பாஸ்போட்டில் தாயோடு பதினாலு வயதுப் பிள்ளை இருந்தது. அதனால் நான் பதினாலு. வந்திறங்கி அகதி என்று பதியும்போதும் அம்மா பயத்தில் அதையே சொல்லிவிட்டா. பதினேழு வயதில் என்னை ஒன்பதாம் வகுப்பில் இருத்தினார்கள். ஊரில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஏழாம் வகுப்பைத்தான் ஒழுங்காகப் படித்தவள் நான். அவர்கள் பேசுவது ஒன்றும் விளங்கவில்லை. கடதாசியில் பதினாறு ஆனதும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு பிளாஸ்டிக் மூடி செய்கிற பக்டரிக்குப் போனேன்.

எனக்கென்று இருந்தது பாண்ட் மட்டும்தான். தோளில் வைத்து ஊதுகிற பெரிய பியூகிள் என்னுடையது. என் வயதுப் பெண்ணுக்கு அது பாரம் என்று டிரெக்டர் தயங்கினார். "இந்தப் பிள்ளை வயசுக்கு மிஞ்சின சக்தி" என்று அங்கிள் சந்தோசமாகச் சொன்னார். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வந்தது.

நன்றாக ஊதினோமா என்று அவரிடம் கேட்கப் பயம். தாய்மார் எல்லாம் கைதட்டி, பிள்ளைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அவர் வந்து, "ரெண்டாவது பாட்டு நல்லம். மற்றதெல்லாம் நல்லமில்லை" என்பார். அவர் நல்லம் என்றால் அந்தக் கிழமை முழுவதும் பக்டரியில் மூடி எண்ணும்போதுகூட எனக்கு அதுதான் காதில் நிற்கும்.

ஒரு கோடையில் எல்லைக்கு அப்பால், அமெரிக்காவில் ஒரு போட்டி. எங்களில் பதினொரு பேருக்கு அகதி வழக்கு முடியவில்லை, எல்லை தாண்ட முடியாது. பாண்டை விட்டு வெளியே போன பழைய ஆட்களைக் கூப்பிட்டு, கையில் பியூகிளைக் கொடுத்து அந்த இடங்களில் சும்மா நிறுத்துவோம், வெற்றிடம் தெரியாது என்று டிரெக்டர் சொன்னார். ஊதாத ஆளை ஊதுகிற ஆள் போல நிறுத்தினால் அது பொய் என்று அங்கிள் மறுத்துவிட்டார். பதினொரு ஓட்டையோடு போனார்கள். திரும்பி வந்து பஸ்ஸால் இறங்கியபோது நாங்கள் கோயில் வாசலில் நின்றோம்.

"எத்தினையாவது அங்கிள்?"

"கடைசி."

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"ஆனா உங்கட இடத்தை ஒருத்தரும் மிதிக்கேல்லை. விட்டு விட்டுத்தான் நடந்தவை. நான் பாத்தனான்."

பிங்கோவிலும் இதே கதைதான். பஸ்ஸுக்கும் உடுப்புக்கும் காசு பிங்கோச் சூதாட்ட மண்டபத்திலிருந்துதான் வந்தது. சனிக்கிழமைப் பின்னேரங்களில் பெற்றோர் பத்துப் பேர் போய் அங்கே வேலை செய்யவேண்டும், பெயர் எழுதிக் கொடுக்கவேண்டும். ஒருநாள் ஒருவர் வரவில்லை. "அவன்ர பேரையும் போட்டுவிடுங்கோ அண்ணை, ஆர் பாக்கிறது" என்றார்கள். அங்கிள் ஒன்பது பெயர் எழுதிக் கொடுத்தார். அடுத்த மாதம் எங்கள் சனிக்கிழமையை ஒரு ஹொக்கிக் கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். பெற்றோருக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. அம்மா லிஃப்டுக்குள் வைத்தே சொன்னா, "உந்த மனுசன் உண்மை பேசிப் பேசியே உந்தப் பாண்டை இழுத்து மூடப்போறான்."

ஆனாலும் மூடவில்லை. கார் கழுவினோம், சொக்கிளேட் விற்றோம், கிட்டத்துப் போட்டிகளுக்குப் போனோம்.

தொண்ணூற்றியாறு பங்குனியில் எனக்கு ஜேர்மனியில் ஒரு சம்பந்தம் பேசினார்கள். மாப்பிள்ளை வீட்டார் சாதகம் கேட்டார்கள். பெரியம்மா ஊரிலிருந்து கொழும்பு வழியாக அனுப்பியிருந்தா. பாஸ்போட்டில் எதையும் எழுதலாம். சாதகத்தில் எழுதமுடியாது. பொருத்தம் பார்க்கிற காரியம், அதில் பிறந்த நேரம் நிமிடக் கணக்கில் சரியாக இருக்கவேண்டும். தமிழ் வருடத்துக்குப் பக்கத்தில் ஆங்கிலத் திகதியும் இருந்தது.

பாண்ட் ஒஃபிசில் ஃபாக்ஸ் இருப்பது அம்மாவுக்குத் தெரியும். நான் வேலைக்குப் போன நேரம் லிஃப்டில் அங்கிளைக் கண்டு, சாதகத்தை ஜேர்மனிக்கு அனுப்பச் சொல்லிக் கையில் கொடுத்துவிட்டா. கொடுக்கும்போது அவருடைய குணம் அம்மாவுக்கு ஞாபகம் வரவில்லை. வாசிக்காத ஒரு தாளையும் அந்த மனிதர் எங்கேயும் அனுப்பமாட்டார்.

அந்தச் சனிக்கிழமை பழகி முடிந்தபிறகு என்னை மண்டபத்துக் குசினிக்குக் கூப்பிட்டார். மேசையில் சாதகமும் என்னுடைய போமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

"பிள்ளை, ரெண்டில எது சரி?"

அவரிடம் எனக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"சாதகம்தான் அங்கிள்."

"அப்ப இருபத்திரண்டு."

"ஓம்."

அவர் கதிரையில் இருந்தார். கொஞ்ச நேரம் போமையே பார்த்தார். "நான் கடதாசியைப் பாத்திட்டுத்தானே வைச்சனான்" என்றார், எனக்குச் சொல்வது போலவும் இல்லை.

"நான் விட்டிட்டுப் போறன் அங்கிள். எனக்குச் சுகமில்லை எண்டு சொல்லுங்கோ."

"சுகமா நிக்கிற பிள்ளையை நான் எப்பிடிச் சுகமில்லை எண்டு சொல்லுறது?"

"அப்ப எங்களைப் பிடிச்சுக் குடுப்பியளோ?"

"விசர்க் கதை கதையாதை. நான் ஆருக்குச் சொல்லப்போறன்? பொறு, யோசிப்பம். மே முடிவுக்குள்ள லிஸ்ட் குடுத்தாக் காணும்." ஒவ்வொரு வருடமும் போட்டி நடத்துகிறவர்களுக்கு எல்லாப் பிள்ளைகளுடைய பெயரும் வயதும் எழுதி, மனேஜர் கையெழுத்து வைத்து அனுப்பவேண்டும். அந்த லிஸ்டைத்தான் சொன்னார். "நீயும் ஒருத்தருக்கும் சொல்லாதை. வழக்கமாதிரி வந்து பழகு."

சாதகத்தை மடித்துத் தந்தார்.

"ஃபாக்ஸ் போட்டிட்டன். உதில கிடக்கிறது உண்மைதானே."

ஒருவருக்கும் சொல்லாதே என்றார். நான் வீட்டுக்குப் போய்ச் சோற்றுக் கோப்பையோடு இருந்தபடி அம்மாவுக்குச் சொன்னேன்.

"அங்கிளுக்கு என்ர வயசு தெரிஞ்சு போச்சு. மே முடிவுக்குள்ள லிஸ்ட் குடுக்கோணுமாம்."

இவ்வளவுதான் சொன்னேன். எந்த லிஸ்ட், யாருக்கு என்று அம்மா கேட்கவில்லை. நானும் விளக்கவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன், இனி ஊதமுடியாது என்று. அம்மா வேறு எதற்கோ பயந்து அழுதா.

திங்கட்கிழமை அம்மா மூன்றாம் மாடி அன்ரியிடம் போனா. அந்த அன்ரியின் இரண்டு பெடியன்களும் பாண்டில். அதில் மூத்தவனுடைய கடதாசியும் எங்களுடையது போலத்தான். செவ்வாய் காலை உடுப்புத் தோய்க்கிற அறையில் நின்றபோது அந்தக் கதை எனக்கே திரும்பி வந்தது. ஐந்தாம் மாடிப் பெண் ஒருத்தி என் காதுக்குள் சொன்னா.

"உனக்குத் தெரியுமே? ஒன்பதாம் மாடியான் பிள்ளையளின்ர வயசெல்லாம் நோண்டுறானாம். இமிகிரேசனுக்கு லிஸ்ட் குடுக்கப்போறானாம். கொம்மாதான் எல்லாரையும் தப்ப வைச்சவ, நேரத்தோட அறிஞ்சிட்டா."

அந்த இடத்திலேயே இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார்கள். என் வயதைச் சொல்லவேண்டி வரும். நான் ஈர உடுப்பை எடுத்து மெசினுக்குள் போட்டுக்கொண்டு நின்றேன்.

அன்று பின்னேரம் பதினைந்து பேரில் ஆறு பேர் பழக வந்தார்கள். சனிக்கிழமை இரண்டு பேர். நானும் போகவில்லை. அம்மா கதவில் நின்றுகொண்டா.

அங்கிளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாடி மாடியாக ஏறினார். ஒரு வீட்டில் சோதினை என்றார்கள். ஒரு வீட்டில் சங்கிலியைக் கழற்றாமல் கதவைத் திறந்து, பிள்ளைக்கு முதுகு நோகுது என்றார்கள். எங்கள் கதவையும் தட்டினார்.

"பிள்ளை நிக்குதோ?"

"வேலைக்குப் போட்டாள்" என்றா அம்மா.

நான் குசினிக்குள் நின்றேன். என்னுடைய சப்பாத்து வாசலில் அவருடைய காலடியில் கிடந்தது. அதை அவர் பார்த்திருப்பார். "சரி, வந்தாச் சொல்லுங்கோ" என்று போனார்.

முப்பத்தெட்டுப் பேர் நின்ற பாண்டில் இருபத்து மூன்று பேர்தான் மிச்சம். இந்த வருடம் போட்டி வேண்டாம், ஊர்வலங்களில் மட்டும் போவோம் என்று டிரெக்டர் முடிவெடுத்தார். போட்டி இல்லை என்றதும் நன்றாக ஊதுகிற நான்கு பேர் வேறு பெரிய பாண்டுக்குப் போனார்கள். யூலை முதலாம் திகதி கனடா தின ஊர்வலத்தில் பன்னிரண்டு பேர் நடந்தார்களாம். ஆவணியில் அங்கிள் பியூகிள் எல்லாவற்றையும் துடைத்துப் பெட்டியில் வைத்துக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டார். அந்த வருட லிஸ்டில் அவர் கையெழுத்து வைக்கவேண்டிய தேவையே வரவில்லை.

ஏன் கலைந்தது என்று இப்போதும் யாராவது கதைப்பார்கள். பிங்கோ போனது என்பார்கள். பஸ் வாடகை ஏறினது, கோயில் மண்டபத்தை வேறு தேவைக்குக் கேட்டது, பெடியங்கள் எல்லாம் பாஸ்கெட்போலுக்குப் போய்விட்டான்கள், வெள்ளைகள் விட்பிக்குப் போய்விட்டார்கள் என்பார்கள். எல்லாம் உண்மைதான். அவ்வளவும் இருந்தும் நாங்கள் நாலு வருடம் ஊதினோம்.

ஜேர்மனிச் சம்பந்தம் பொருந்தவில்லை. எங்கள் வழக்கு அடுத்த வருடம் முடிந்து, இங்கேயே இருக்கலாம் என்று கடதாசி வந்தது. நாங்கள் வோபர்ன் பக்கம் வீடு மாறினோம்.

அங்கிளின் செத்தவீட்டில் அவருடைய மனைவிக்குப் பக்கத்தில் இருந்தேன். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டா.

"உன்னில அவருக்குச் சரியான பட்சம் பிள்ளை. அந்த வருசம் உன்னை லைனால எடுத்து, சின்னப் பிள்ளையளுக்குப் பழக்கிற ஆளாப் போடப்போறன் எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சவர். பழக்கிற ஆளுக்கு வயசுக் கணக்கில்லையாம். டிரெக்டரோடயும் கதைச்சு வைச்சவர். நீயும் வராமல் விட்டிட்டாய், என்ன?"

நான் ஓம் என்றேன். அந்த வருடம் வேறு பிள்ளைகள் ஒருவருடைய வயதையும் அவர் கேட்கவேயில்லை. கேட்டது என்னிடம் மட்டும்தான்.

அவரைக் கடைசியாகக் கண்டது போன கார்த்திகையில். தமிழ்க் கடைக்கு வெளியே பஸ்ஸுக்கு நின்றேன். அவரும் கையில் ஒரு பையோடு வந்தார். மெலிந்திருந்தார். அம்மாவைச் சுகம் கேட்டார், பக்டரி எப்படி என்று கேட்டார். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, ஒண்டு கேக்கோணும். கன நாளா யோசிச்சனான். நீ உள்ளுக்க நிண்ட பிள்ளை, உனக்குத் தெரிஞ்சிருக்கும்."

"கேளுங்கோ அங்கிள்."

"பிள்ளையள் ஏன் எல்லாம் ஒரு கிழமைக்குள்ள வராமல் நிண்டவை? நான் ஆரோடயும் ஏதும் பிழையாக் கதைச்சனானோ?"

அப்போது எங்களுக்குக் கடதாசி வந்துவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை. நான்தான், அம்மாவிடம் சொன்னேன், அது இப்படிப் போய்விட்டது என்று இரண்டு வசனத்தில் சொல்லியிருக்கலாம். அவர் கோபிக்கமாட்டார் என்றும் தெரியும்.

"இல்லை அங்கிள். பிங்கோ போனதுதானே. பிறகு பஸ்ஸுக்கும் காசில்லை எண்டு சனம் கதைச்சது. அதுதான்."

அவர் என்னைப் பார்த்தார். ஒரு தாளைக் கொடுத்தால் பார்க்கிற பார்வைதான். யார் சொன்னது, எங்கே பார்த்தாய் என்று கேட்கப்போகிறார் என்று நின்றேன். கேட்கவில்லை.

"நீ சொன்னாச் சரி" என்றார். முகம் இலேசாகிவிட்டது. "நான்தான் வீணா யோசிச்சுப்போட்டன்."

என்னுடைய பஸ் வந்தது. என் அரிசிப் பையைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு இறங்கி நின்றார். நான் அவர் நிற்காத பக்கத்து ஆசனத்தில் போய் இருந்தேன்.